பயந்த பிள்ளையும் பரிசுத்த சரித்திரமும்

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும் வழக்கம் சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய இடங்களில் சில குடும்பங்களில் ஏற்பட்டிருக்கிறது. இப்படிப் படிக்கும் பிள்ளைகள் மத்திய சர்க்கார் 1989-ல் ஏற்படுத்திய தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பரீட்சையை எழுதிக்கொள்ள இடமிருக்கிறது. இது பணமும் ஓய்வும் உள்ளவர்கள் செய்துகொள்ளக்கூடிய காரியமே தவிர, கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்குக் கனவிலும் வராத காரியமாகும். ஆனாலும் அந்தப் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே! அவர்கள் தலையில் என்ன ஏற்றப்படுகிறது என்பதைப் பற்றி நாம் கவலைப்படாமல் இருக்க முடியாது.

சில நாளைக்கு முன் சாந்தோம் பக்கம் குடியிருக்கும் ஒரு கிறிஸ்தவத் தோழர் நம்மிடம் வந்தார். அவருக்கு ஒன்பது வயதில் ஒரு பெண். மெல்லிய மனசுள்ள பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அடியும் அதட்டலும் தாங்கவில்லை என்று வீட்டிலேயே வைத்துத் தாயும் தகப்பனுமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சரித்திரப் பாடத்துக்கென்று கிறிஸ்து மதத்துக்காக உயிர்விட்டவர்களின் கதைப் புஸ்தகம் ஒன்றை வாங்கி வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். சிங்கத்துக்கு எறியப்பட்டவர், எண்ணெய்க் கொப்பரையில் போடப்பட்டவர், ஈட்டியால் குத்தப்பட்டவர் என்று வரிசையாக வந்ததும் பிள்ளை நான்கு நாள் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் தகப்பனிடம் இரண்டு கேள்வி கேட்டதாம். "என்னையும் ஒருநாள் குத்துவார்களா அப்பா?" என்பது ஒன்று. "பக்கத்து வீட்டு மாமி நம்ம சாமியைக் கும்பிடவில்லையே, அவர்களை நரகத்தில் போட்டு எரிப்பார்களா?" என்பது மற்றொன்று.

அந்த மாமிதான் தினமும் இந்தப் பிள்ளைக்கு முறுக்கும் சுண்டலும் கொடுக்கிறவர். பிள்ளை அழுதது தனக்காக மாத்திரம் அல்ல, அந்த மாமிக்காகவும்தான்.

தகப்பனார் உபதேசியாரிடம் போயிருக்கிறார். அவரோ, "பிள்ளைக்கு விசுவாசம் பலப்படவில்லை, ஜெபம் பண்ணுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதன் பேரில் தோழர் நம்மிடம் வந்து, "பிள்ளை மனசு நோகாத கிறிஸ்தவ சரித்திரப் புஸ்தகம் எதை வாங்கலாம்?" என்று கேட்டார். "இதைக் கேட்க நாம்தானா ஐயா உங்களுக்குக் கிடைத்தோம்?" என்றோம். "எது பொய் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியும், எது மெய் என்பதை நான் பார்த்துக்கொள்ளுகிறேன்" என்றார். இவ்வளவு நாணயமான பேச்சை நாம் எத்தனையோ மேடைகளில் ஏறியும் கேட்டதில்லை. அவருக்குச் சொன்னதையே இங்கு எல்லோருக்கும் சொல்லுகிறோம்.

முதலாவது, அந்தப் பிள்ளைக்கு ஒரு வியாதியும் இல்லை. ஒரு மனிதனை ஈட்டியால் குத்தினார்கள் என்று கேட்டுத் தூக்கம் வராத பிள்ளைக்குத்தான் புத்தி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அதே கதையைக் கைகூப்பிக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுக்கிற பெரியவர்களுக்குத்தான் வைத்தியம் வேண்டும். ஆயிரம் தடவை கேட்டு மரத்துப் போன மனசுக்குப் பக்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மரத்துப் போகாத மனசுக்கு விசுவாசக் குறைவு என்று பெயர் வைக்கிறார்கள். இது என்ன நியாயம்?

இரண்டாவது, மதக்காரர்கள் பிள்ளைகளுக்கென்று எழுதும் சரித்திரம் இரண்டே வகை. ஒன்று ரத்தத்தைக் காட்டி மயக்குவது. மற்றொன்று சர்க்கரையைக் காட்டி மயக்குவது. முதல் வகை புதிதல்ல. இங்கிலாந்தில் ஜான் ஃபாக்ஸ் என்பவர் 1563-ல் வெளியிட்ட மதத் தியாகிகள் புஸ்தகம், மனிதர்களைக் கட்டிவைத்து எரிக்கும் படங்களோடு, தலைமுறை தலைமுறையாக வீடுகளில் பிள்ளைகள் கையில் இருந்தது. தமிழில் அச்சுப் புஸ்தகம் என்பதே தோன்றிய காலத்தில், 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்துக்குச் சில வருஷம் கழித்து, 1586-ல் அண்டிரிக் அடிகள் என்ற பாதிரியார் அச்சிட்டது அடியார்கள் வரலாறுதான். இரண்டாவது வகை இக்காலத்து வண்ணப் படப் புஸ்தகம். அதில் எல்லோரும் சிரிக்கிறார்கள், ஆட்டுக்குட்டியும் சிரிக்கிறது, ஒருவரும் ஒருவரையும் அடிப்பதில்லை. அப்பிள்ளை பெரியவளாகி உண்மை தெரிந்தால், பெற்றவர்கள் சொன்ன எதையுமே நம்பாமல் போவாள். முதல் புஸ்தகம் பிள்ளையின் தூக்கத்தைத் திருடுகிறது. இரண்டாவது பிள்ளையின் நம்பிக்கையைத் திருடுகிறது. திருட்டில் நல்ல திருட்டு எது?

அப்படியானால் எதைத்தான் சொல்லிக் கொடுப்பது என்று கேட்கலாம். எங்கோ போகவேண்டாம். அந்தப் பிள்ளை குடியிருக்கும் சாந்தோமையே எடுத்துக்கொள்ளுவோம்.

இயேசுவின் சீடர் தோமையார் கி.பி. 52-ல் மலையாளக் கரைக்கு வந்தார், 72-ல் பரங்கிமலையில் குத்திக் கொல்லப்பட்டார், மயிலாப்பூரில் புதைக்கப்பட்டார் என்பது இங்கு வழங்கும் கதை. பிள்ளைக்கு இதை "நடந்தது" என்று வாசித்துக் காட்டினார்கள். ஆனால் இதன் யோக்கியதை என்ன? தோமையாரைப் பற்றிய பழைய நூலாகிய தோமா பணிகள் என்பது சிரியா தேசத்துப் பக்கம் மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்டது. அதில் மயிலாப்பூர் என்ற பேச்சே இல்லை. அதில் வரும் கொண்டபரன் என்ற ராஜாவின் நாணயங்கள் அகப்பட்டிருப்பதோ பஞ்சாப், ஆப்கானிஸ்தானம் பக்கத்தில். அந்நூலின்படி, ஒரு ராஜாவின் உத்தரவால் நான்கு சிப்பாய்கள் அவரை ஈட்டியால் குத்தினார்கள்.

அதற்குப் பிறகு, பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்துபோன மார்க்கோ போலோ வேறு கதை சொல்லுகிறார். தோமையார் காட்டில் ஜெபம் செய்துகொண்டிருந்தாராம். சுற்றிலும் மயில்கள் மேய்ந்தனவாம். ஒரு வேடன் மயிலைப் பார்த்து எய்த அம்பு தவறி இவர் விலாவில் பட்டதாம். இதில் கொலையும் இல்லை, மதத் துவேஷமும் இல்லை. கை தவறிய அம்பு, அவ்வளவுதான். மூன்றாவது கதை, இங்கு வழங்கும் பரங்கிமலைக் கதை. செத்தவர் ஒருவர், சாவோ மூன்று விதம்!

எலும்பு விஷயமும் இப்படித்தான். மயிலாப்பூரில் கல்லறை என்கிறார்கள். அவர் எலும்பு எதேசா பட்டணத்துக்குப் போயிற்று என்றும், அங்கிருந்து கியோஸ் தீவுக்கும், 1258-ல் இத்தாலியில் ஓர்த்தோனா என்ற ஊருக்கும் போயிற்று என்றும் அவர்களே சொல்லுகிறார்கள். பரங்கிமலையில் போர்த்துக்கீசியர் 1547-ல் கண்டெடுத்த கற்சிலுவையைத் தோமையாரே செதுக்கினார் என்றும், அது இரத்தம் வேர்த்தது என்றும் கதை. அதன் மேல் இருக்கும் எழுத்தோ பழைய பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து. எழுத்தின் வடிவைப் பார்த்த அறிஞர்கள் அதை ஏழு எட்டாம் நூற்றாண்டு என்று மதிக்கிறார்கள். தோமையார் செத்து அறுநூறு வருஷம் கழித்து எழுந்து வந்தா செதுக்கினார்? சாந்தோமில் போர்த்துக்கீசியர் கோயில் கட்டியது 1523-ல். இப்போது நிற்கும் கோபுரக் கோயில் 1896-ல் முடிந்தது. இவை கல்லும் சுண்ணாம்புமாய் இருப்பவை. இவற்றைச் சரித்திரம் என்று சொல்லட்டும். மற்றதைக் கதை என்று சொல்லட்டும்.

தோழரிடம் நாம் சொன்னது இதுதான்: மூன்று சாவையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "இதில் எது உண்மையாயிருக்கும்?" என்று கேளுங்கள். பயந்துகொண்டு கேட்ட பிள்ளை உடனே விசாரித்துக் கேட்க ஆரம்பிக்கும். விசாரிக்கிறவனுக்குப் பயம் வருவது மிகவும் கஷ்டம்.

மூன்றாவது, தன் கட்சிக்காரன் பட்ட அடியை மாத்திரம் சொல்லி, தன் கட்சிக்காரன் போட்ட அடியை மறைக்கிற புஸ்தகத்தை வீட்டுக்குள் விடக்கூடாது. ரோமாபுரி ராஜாக்கள் கிறிஸ்தவர்களைக் கொன்றது உண்மை. கிறிஸ்தவக் கும்பல் கி.பி. 415-ல் அலெக்சாந்திரியாவில் ஹைப்பேஷியா என்ற கணிதம் கற்ற பெண்ணைக் கொன்றதும் உண்மை. 1600-ல் ரோமில் புருனோவை எரித்ததும், 1633-ல் கலிலியோவை மண்டியிட வைத்ததும் உண்மை. இந்தியாவில் 1560-ல் கோவாவில் மத விசாரணைக் கோர்ட்டு வைத்தார்கள். இடையில் சில வருஷம் நின்றிருந்தாலும் அது அடியோடு ஒழிந்தது 1812-ல்தான். 1599-ல் உதயம்பேரூரில் சபை கூட்டி, தோமையார் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட மலையாளக் கிறிஸ்தவர்களின் சிரியாக் ஏடுகளையே ரோமாபுரிக் கிறிஸ்தவர்கள் நெருப்பில் போட்டார்கள். தோமையார் பேரில் அவ்வளவு பக்தி!

மயிலாப்பூர் கடற்கரையில் இருந்த பழைய சிவன் கோயில் போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது என்று சொல்லப்படுகிறது. கோயில் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பக்கம் கிடைத்தும் இருக்கின்றன. அதையும் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய பரங்கிக்காரன் செய்ததற்காக இன்றைக்கு வலை இழுத்துப் பிழைக்கும் கிறிஸ்தவ மீனவன் பேரில் பகை மூட்டுகிறவன் எவனோ, அவனும் அயோக்கியன் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சாதியைப் பற்றி அந்தப் புஸ்தகம் என்ன சொல்லுகிறது என்றும் பார்க்கவேண்டும். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயிலில் வேளாளக் கிறிஸ்தவருக்கு ஒரு பக்கம், நாடார் கிறிஸ்தவருக்கு ஒரு பக்கம் என்று கால்சட்டைக்கு இரண்டு கால் இருப்பது போல் கட்டினார்கள். ஒரே பிதாவின் பிள்ளைகளுக்கு நடுவில் சுவர்! 1910-ல்தான் அது இடிக்கப்பட்டது. அதற்கும் மேல்சாதிக்காரர் கோர்ட்டுக்குப் போனார்கள், பயன்படவில்லை. இதற்கெல்லாம் நூறு வருஷத்துக்குப் பிறகு, 2008-ல், விழுப்புரம் பக்கம் இறையூரில் கிறிஸ்தவருக்குள்ளேயே சாதிச் சண்டை மூண்டு, போலீஸ் துப்பாக்கியால் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள்.

நல்லதை மறைக்கும்படி நாம் சொல்லவில்லை. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அடுத்த வருஷமே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். நம்முடைய சாஸ்திரிகளில் எவன் வைத்தான்? திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளும் உரிமைக்காகப் பட்ட பாட்டில் மிஷனரிகள் அப்பெண்கள் பக்கம் நின்றார்கள். 1859-ல் ராஜா சில நிபந்தனைகளோடாவது உத்தரவு போடவேண்டி வந்தது. இவற்றைக் கிறிஸ்தவப் பிள்ளை மாத்திரமல்ல, எல்லாப் பிள்ளையும் படிக்கவேண்டும்.

"இத்தனை கொடுமையையும் சொன்னால் பிள்ளை இன்னும் அதிகமாகப் பயப்படாதா?" என்று தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டும்படி நாம் சொல்லவில்லை. வயசுக்குத் தக்கபடி குறைத்துச் சொல்லலாம். ஆனால் பொய் சொல்லக்கூடாது. "இதில் இன்னும் இருக்கிறது, பிறகு சொல்லுகிறேன்" என்று சொல்லுவது குறைத்தல். "அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்லுவது பொய்.

மேலும், பிள்ளையால் தாங்க முடியாதது கொடுமை நடந்தது என்ற செய்தியை அல்ல. அந்தக் கொடுமை நல்லது, அது சாமிக்குப் பிரியம், நீயும் அதற்குத் தயாராக இரு என்று சொல்லுவதைத்தான் தாங்க முடியவில்லை. முடிவே இல்லாமல் எரியும் நரகத்தைத்தான் தாங்க முடியவில்லை. மனிதன் செய்த கொடுமைக்கு ஆரம்பம் உண்டு, முடிவு உண்டு. விசாரணைக் கோர்ட்டை வைத்தவனும் மனிதன். 1812-ல் மூடியவனும் மனிதன். சுவரைக் கட்டியவனும் மனிதன். 1910-ல் இடித்தவனும் மனிதன். இப்படிச் சொல்லிக் கொடுத்தால், "யார் செய்தார்கள், யார் நிறுத்தினார்கள்?" என்று பிள்ளை கேட்கும். நிறுத்த முடியும் என்று தெரிந்த பிள்ளைக்குத் தூக்கம் வரும். சாமி எரிக்கிற நரகத்தையோ யாராலும் நிறுத்த முடியாது. ஆகவே பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்தது சரித்திரமல்ல; சரித்திரத்தில் கலந்த மதம்தான்.

நான்காவது, அமெரிக்காவிலிருந்து வீட்டுப் படிப்புக்கென்று வரும் கிறிஸ்தவப் பாடப் புஸ்தகங்கள் சிலவற்றில் உலகம் உண்டாகி ஆறாயிரம் வருஷமாயிற்று என்று இருக்கிறது. இது அஷர் என்ற பாதிரியார் 1650-ல், கி.மு. 4004-ல் உலகம் படைக்கப்பட்டது என்று போட்ட கணக்கின் வாரிசு. பிள்ளையைப் பரங்கிமலைக்கு அழைத்துப் போகும் தோழர், அங்கிருந்து கொஞ்சம் தெற்கே பல்லாவரத்தையும் காட்டட்டும். அங்கேதான் 1863-ல் புரூஸ் ஃபூட் என்ற மண்ணியல்காரர் பழங்காலத்து மனிதன் கையில் பிடித்த கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். திருவள்ளூர்ச் சீமை அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல்லாயுதங்கள் சுமார் 15 லட்சம் வருஷத்துப் பழமை உடையவை என்று 2011-ல் வெளியான ஆராய்ச்சி சொல்லுகிறது. ஆறாயிரம் எங்கே, பதினைந்து லட்சம் எங்கே!

நிற்க, இதுவரை படித்துவிட்டு, "கிறிஸ்தவனுக்கு நன்றாய்ச் சூடு கொடுத்தார்கள்" என்று சிரித்துக்கொண்டிருக்கும் மயிலாப்பூர்ப் பெரியவர்களையும் ஒரு வார்த்தை கேட்கிறோம். பங்குனி மாதத்தில் அறுபத்து மூவர் உற்சவத்துக்கு உங்கள் பிள்ளையைத் தோளில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டுகிறீர்களே, அந்த அறுபத்து மூவரில் ஒருவரான சிறுத்தொண்டர் என்ன செய்தார் என்று பிள்ளைக்குச் சொல்லுகிறீர்களா? பெற்ற பிள்ளையை அறுத்துக் கறி சமைத்துச் சிவனடியாருக்குப் படைத்தார் என்பது கதை. சம்பந்தரிடம் வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரம் பேர் மதுரையில் கழுவேறினார்கள் என்று உங்கள் புராணம் பெருமையாய்ச் சொல்லுகிறதே, அதைக் கேட்ட பிள்ளைக்குத் தூக்கம் வருமா? அது நடந்ததாகச் சரித்திர ஆதாரம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். நல்லது. நடக்காத கொலையைக்கூட நடந்ததாகப் பாடிப் பெருமைப்படுகிற மதத்தை என்னவென்று சொல்லுவது? தோமையார் கதையைப் படித்துத் தூக்கம் கெட்ட பிள்ளைக்குப் பக்கத்து வீட்டிலேயே சிறுத்தொண்டர் கதையைக் கேட்டுத் தூக்கம் கெட்ட பிள்ளையும் இருக்கும். இரண்டு பேருக்கும் மருந்து ஒன்றுதான்.

வீட்டில் வைத்துப் படிப்பித்தாலே பிள்ளைக்கு விடுதலை என்று நினைக்கிறவர்களுக்கு அடையாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1909-ல் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் அடையாறு கடற்கரையில் ஒரு பையனைக் கண்டு, இவன்தான் வரப்போகும் ஜகத்குரு என்று சொல்லி, சபைக்குள்ளேயே வைத்து வளர்த்துப் படிப்பித்தார்கள். அன்னிபெசண்டு அம்மையார் ஒரு காலத்தில் பிராட்லாவோடு சேர்ந்து நாஸ்திகம் பேசியவர். அவரே இதற்குத் தாயாராய் நின்றார். தகப்பனார் பிள்ளையைத் திருப்பித் தரும்படி கோர்ட்டுக்குப் போனார். கடைசியில் அந்தப் பையனாகிய கிருஷ்ணமூர்த்தி, 1929-ல் தனக்காக ஏற்படுத்திய சங்கத்தைத் தானே கலைத்தார். அவர் கலைத்தார், எத்தனை பிள்ளைகளுக்கு அந்தத் துணிவு வரும்?

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தியாகராய நகருக்குப் பெயர் கொடுத்த தியாகராயர் சென்னை நகரசபைத் தலைவராய் இருந்தபோதுதான், 1920-ல், ஆயிரம் விளக்கு நகரசபைப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடம் என்பது பாடம் மாத்திரம் அல்ல. பல சாதிப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் பலகையும் அதுதான். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பலகை இல்லை. ஆகவே வீட்டில் படிப்பிக்கிறவர்கள் புஸ்தகத்தில் கவனமாயிருப்பதோடு, பிள்ளை எல்லாச் சாதி, எல்லா மதப் பிள்ளைகளோடும் விளையாடவும் சாப்பிடவும் வழி செய்யக் கடமைப்பட்டவர்கள்.

முடிவாக, எந்தப் புஸ்தகம் என்று பெயர் சொல்லச் சொன்ன தோழருக்கு நாம் பெயர் சொல்லவில்லை. ஐந்து கேள்விகளைச் சொன்னோம். நடந்ததையும் சொல்லப்படுவதையும் அது பிரித்துச் சொல்லுகிறதா? தன் கட்சியின் குற்றத்தையும் சொல்லுகிறதா? சாவையும் சித்திரவதையையும் அழகு என்று காட்டாமல் இருக்கிறதா? அடுத்த வீட்டுக்காரனை நரகத்துக்கு அனுப்பாமல் இருக்கிறதா? பிள்ளை கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் இருக்கிறதா? ஐந்துக்கும் ஆம் என்றால் அதை எழுதியவர் பாதிரியாராய் இருந்தாலும் வாங்குங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும், அதை எழுதியவர் நம் கட்சிக்காரராய் இருந்தாலும், அலமாரியில் பூட்டி வைத்து முதலில் நீங்கள் படியுங்கள்.

பத்து நாள் கழித்துத் தோழர் மறுபடியும் வந்தார். மூன்று சாவுக் கதையையும் பிள்ளைக்குச் சொன்னாராம். பிள்ளை வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்பா, ஒருவர் ஒரு தடவைதானே சாக முடியும்? அப்போது இரண்டாவது பொய்யாய் இருக்கவேண்டுமே!" என்று சொன்னதாம். பிறகு, "மாமி நரகத்துக்குப் போவார்கள் என்று சொன்னது யார்? அவர் போய்ப் பார்த்தாரா?" என்று கேட்டதாம். அன்று ராத்திரி தூங்கிவிட்டதாம்.

தோழர்களே! உங்கள் பிள்ளை பட்டணத்தில் வீட்டில் படித்தாலும் சரி, கிராமத்தில் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்தாலும் சரி, அது ராத்திரியில் எதற்காகப் பயந்து எழுந்திருக்கிறது என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள். பேய், பிசாசு, நரகம், சாமி குத்தம் என்று ஏதாவது ஒன்றை நீங்களோ, பாட்டியோ, பூசாரியோ, பாதிரியோ அதன் தலையில் வைத்திருப்பீர்கள். வைத்தவர்களே எடுக்கவேண்டும்.

மெல்லிய மனசுள்ள பிள்ளையைக் கெட்டியாக்க வேண்டாம். உலகத்தில் கெட்டி மனசுக்காரர்கள் ஏற்கெனவே வேண்டியமட்டும் இருக்கிறார்கள். பிள்ளையின் மனசை அப்படியே விட்டுவிட்டு, அதன் அறிவை மாத்திரம் கெட்டியாக்கும்படி பெற்றோர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.